இடம்பெயர்ந்த வீரன் எந்தப் பாடசாலைக்குச் சொந்தம்? அமெரிக்க உயர்நிலைப் பாடசாலை விளையாட்டின் தகுதித் தகராறுகள்

2005 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29 ஆம் திகதி காலை, கட்ரினா சூறாவளி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பியூராஸ் என்ற ஊருக்கு அருகில் கரையைக் கடந்தது. மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், இரு பக்கமும் தண்ணீர் சூழ நீண்டு கிடக்கும் பிளாக்மின்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. இறாலும் சிப்பியும் பிடிப்பது, தோடம்பழத் தோட்டம், எண்ணெய்க் கம்பனி வேலை ஆகியவைதான் அங்குள்ளவர்களின் சீவியம். மாவட்டத்தின் தென்பகுதியில் இருந்த மூன்று உயர்நிலைப் பாடசாலைகளும் அந்த ஒரு நாளோடு இயங்க முடியாமல் போயின. பிள்ளைகள் குடும்பங்களோடு மாநிலம் முழுவதும், மாநிலத்துக்கு வெளியேயும் சிதறினார்கள். கட்ரினாவும் சில வாரங்களில் வந்த ரீட்டா சூறாவளியும் சேர்ந்து இடம்பெயர்த்த பாடசாலை மாணவர்களின் தொகை சுமார் 370,000.

அந்த ஆண்டின் பாடசாலை விளையாட்டுப் பருவகாலம் அப்போதுதான் தொடங்கவிருந்தது. மாநிலத்தின் மறுமுனையில், வடகிழக்கு மூலையில் உள்ள பாஸ்ட்ரப் உயர்நிலைப் பாடசாலை அந்தப் பருவகாலத்தில் 4ஏ பிரிவின் மாநிலக் கிண்ணத்தை வென்றது. அணியில் பிளாக்மின்ஸின் போர்ட் சல்பர் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த மாணவர்களும் இருந்தார்கள். பின்னர் மாநில விளையாட்டுச் சங்கம் அந்தக் கிண்ணத்தைப் பறித்தது. ஆட்சேர்ப்பு விதி மீறப்பட்டது என்பதே காரணம்.

வீடு போன பிள்ளைக்கு இன்னொரு ஊர் இடம் கொடுத்தால், அது உதவியா, ஆள் பிடிப்பா? ஆள் பிடித்தது பெரியவர்கள் என்றால், அதன் விலையைப் பிள்ளை கொடுக்க வேண்டுமா? அமெரிக்கப் பாடசாலை விளையாட்டில் ஆண்டுதோறும் எழும் நூற்றுக்கணக்கான தகுதித் தகராறுகளின் அடியில் கிடப்பவை இந்தக் கேள்விகள்தான். இடம்பெயர்வை அனுபவித்த சமூகம் ஒன்றுக்கு இவை அந்நியமானவை அல்ல. அந்த விதிகள் என்ன, எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் தவறுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

விளையாட்டும் அதன் எடையும்

இங்கே பேசப்படுவது நாம் ஆடும் உதைபந்தாட்டம் அல்ல. அமெரிக்கர்கள் ‘புட்போல்’ என்று சொல்வது, நமக்குத் தெரிந்த றகருக்குக் கிட்டத்தட்ட உறவான, தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து ஆடும் விளையாட்டு. ஒரு பக்கத்தில் 11 பேர். பந்து கையில் இருக்கும்போது ஆட ஓர் அணி, எதிரணியைத் தடுக்க இன்னோர் அணி என்று ஒரு பாடசாலைக்குள்ளேயே இரண்டு தொகுதி வீரர்கள் தேவை. எனவே நல்ல அணி ஒன்றில் நாற்பது, ஐம்பது பேர் இருப்பார்கள். ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி, வெள்ளிக்கிழமை இரவுகளில் பத்துப் போட்டிகள் வரை ஆடி, தேறியவர்கள் டிசம்பர் வரை விலக்கல் சுற்றுகளில் ஆடுவார்கள்.

நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். சிறு ஊர்களில் வெள்ளி இரவுப் போட்டிதான் ஊர்த் திருவிழா. வறிய வீட்டுப் பிள்ளை ஒருவன் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசிலோடு போக இது ஒரு வழி. பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள் வந்து பார்க்கும் அணியில் இருப்பதற்கும் யாரும் பார்க்க வராத அணியில் இருப்பதற்கும் இடையில் ஒரு வாழ்க்கையின் வித்தியாசம் உண்டு. 2021 முதல் பல்கலைக்கழக வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற அனுமதிக்கப்பட்டார்கள். பல மாநிலங்கள் அதை உயர்நிலைப் பாடசாலை மாணவர்களுக்கும் திறந்துவிட்டுள்ளன. ஆகவே எந்தப் பாடசாலையில் ஆடுவது என்ற கேள்விக்குள் இப்போது காசும் புகுந்துவிட்டது.

விதியை எழுதுவது யார்?

அமெரிக்காவில் இதற்கென்று மத்திய அமைச்சு இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் பாடசாலைகள் சேர்ந்து அமைத்த ஒரு விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. லூசியானாவின் சங்கம் 1920 இல் தொடங்கியது. டெக்சாஸில் இந்தப் பொறுப்பு 1910 இல் தொடங்கிய பல்கலைக்கழகப் பாடசாலைகள் லீக்கிடம் உள்ளது. இவற்றுக்கு மேலே ஒரு தேசிய கூட்டமைப்பு இருந்தாலும், அது ஆட்ட விதிகளைத்தான் எழுதுகிறது. யார் ஆடலாம் என்பதை மாநிலச் சங்கமே தீர்மானிக்கிறது. எனவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். ஆனாலும் பொதுவான அமைப்பு ஒன்று உண்டு.

வயது: 19 வயதை எட்டியவர் ஆட முடியாது. எந்தத் திகதிக்கு முன் எட்டினால் என்பதை ஒவ்வொரு மாநிலமும் குறித்து வைத்திருக்கிறது.

காலம்: ஒன்பதாம் தரத்தில் நுழைந்ததிலிருந்து எட்டு அரையாண்டுகள், அதாவது நான்கு ஆண்டுகள் மட்டுமே ஆடலாம். ஒரு தரத்தைத் திரும்பப் படித்தாலும் கடிகாரம் நிற்காது.

படிப்பு: சித்தியடையாதவர் ஆட முடியாது. டெக்சாஸ் 1984 இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. ஒரு பாடத்தில் 70 புள்ளிக்குக் குறைந்தால் மைதானத்துக்கு வெளியேதான்.

குடியிருப்பும் பாடசாலை மாற்றமும்: பெற்றோர் வாழும் பகுதிக்குரிய பாடசாலைக்கே மாணவன் ஆட வேண்டும். பாடசாலை மாறினால், குடும்பம் முழுதும் உண்மையாகவே வீடு மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பல மாநிலங்களில் ஓராண்டு வெளியே இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் முதல் தடவை மாறுபவர் பருவகாலத்தின் ஏறத்தாழ முதல் அரைவாசியை இழந்து, பிறகு ஆட முடியும்.

ஆட்சேர்ப்புத் தடை: விளையாட்டுக்காக ஒரு மாணவனைத் தன் பாடசாலைக்கு இழுக்கப் பயிற்றுவிப்பாளரோ, பழைய மாணவரோ, ஆதரவாளரோ எதையும் கொடுக்கவோ வாக்களிக்கவோ கூடாது. வீட்டு வாடகையும் போக்குவரத்தும் தகப்பனுக்கு வேலையும் இதில் அடங்கும்.

இவற்றோடு ‘கஷ்ட விலக்கு’ என்று ஒரு கதவும் உண்டு. குடும்பத்தின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் பாடசாலை மாற நேர்ந்தால், சங்கத்திடம் விண்ணப்பித்துத் தடையிலிருந்து விலக்குப் பெறலாம். நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது.

ஒருவர் தகுதியற்றவர் என்றால் எல்லோருக்கும் தோல்வி

இந்த விதிகளின் கடுமை தண்டனையில்தான் தெரியும். தகுதியற்ற வீரன் ஒருவன் ஆடியது தெரியவந்தால், அவன் ஆடிய போட்டிகளில் அணி பெற்ற வெற்றிகள் தோல்விகளாகப் பதியப்படும். அவன் ஒரு நிமிடம் ஆடினானா, முழுப் போட்டியும் ஆடினானா என்பது பெரும்பாலும் கணக்கில் வராது. எட்டு வெற்றியோடு இருந்த அணி ஒரு கடிதத்தோடு எட்டுத் தோல்விக்கு இறங்கும். தெரியாமல் விட்ட பிழையா, தெரிந்தே செய்த பொய்யா என்ற வேறுபாடு அபராதத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தோல்வி மாறாது.

ஆதலால் முறைப்பாடுகள் பெரும்பாலும் எதிரணியிடமிருந்தே வருகின்றன. பழைய வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறதா, காலையில் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று படம் எடுத்து அனுப்புபவர்கள் உண்டு. மின் கட்டணச் சிட்டை, வாடகை ஒப்பந்தம், சாரதி அனுமதிப்பத்திரம் ஆகியவை சான்றாகக் கேட்கப்படும். நமது ஊரில் முதலாம் தர அனுமதிக்காகக் கிராம அலுவலர் சான்றிதழும் வாக்காளர் இடாப்புமாக அலையும் பெற்றோருக்கு இந்தக் காட்சி புரியும். அங்கும் முகவரி என்பது சில வேளைகளில் உண்மை, சில வேளைகளில் ஏற்பாடு.

பொய்யும் உண்டு

விதிகள் காரணமின்றி வந்தவை அல்ல. 2021 ஓகஸ்ட் 29 ஆம் திகதி, ஒகாயோ மாநிலத்தின் ‘பிஷப் சிகமோர்’ என்ற அணி, ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி நாடு முழுவதும் ஒளிபரப்பிய போட்டியில் புளோரிடாவின் ஐஎம்ஜி அக்கடமியிடம் 58–0 என்று தோற்றது. வர்ணனையாளர்களே இடைநடுவில் சந்தேகம் எழுப்பினார்கள். அந்த அணி இரண்டு நாளுக்கு முன்புதான் இன்னொரு போட்டி ஆடியிருந்தது. மூன்று நாளில் இரண்டு போட்டி என்பது இந்த விளையாட்டில் உடலுக்குக் கேடு. அதே ஆண்டு டிசம்பரில் ஒகாயோ கல்வித் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை, அந்தப் ‘பாடசாலை’ ஒரு மோசடி என்ற முடிவுக்கு வந்தது. படிப்பு இல்லாத பாடசாலையின் பெயரில் பிள்ளைகளின் உடல்தான் பணயம் வைக்கப்பட்டிருந்தது.

இன்னொரு வழக்கு பொய் கலவாதது, ஆனால் சட்டத்தில் பெரியது. 1997 இல் டென்னசி மாநிலத்தின் பிரென்ற்வூட் அக்கடமி என்ற தனியார் பாடசாலையின் பயிற்றுவிப்பாளர், அடுத்த ஆண்டு தன் பாடசாலையில் சேரவிருந்த எட்டாம் தர மாணவர்கள் 12 பேருக்கு வசந்தகாலப் பயிற்சிக்கு வருமாறு கடிதம் எழுதினார். மாநிலச் சங்கம் இதை ஆட்சேர்ப்பு என்றது. 3,000 டொலர் அபராதம், நான்கு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, இரண்டு ஆண்டுகளுக்குப் புட்போலிலும் ஆண்கள் கூடைப்பந்திலும் விலக்கல் சுற்றுகளில் ஆடத் தடை என்பன தண்டனை.

பாடசாலை நீதிமன்றம் போனது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை இரண்டு தடவை போய், பத்தாண்டு நீண்டது. 2001 இல் நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. சங்கத்தின் உறுப்புப் பாடசாலைகளில் 84 சதவீதம் அரச பாடசாலைகள், எனவே சங்கம் தன்னைத் தனியார் கழகம் என்று சொல்லித் தப்ப முடியாது, அது அரசின் ஒரு கையாகவே செயற்படுகிறது, அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என்பதே அந்தத் தீர்ப்பு. 2007 இல் அதே நீதிமன்றம், ஆட்சேர்ப்புத் தடை பயிற்றுவிப்பாளரின் பேச்சுச் சுதந்திரத்தை மீறவில்லை என்று சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் நிலைமை இதுதான்: சங்கம் விதி வகுக்கலாம், தண்டிக்கலாம். ஆனால் அதை நியாயமான நடைமுறையோடு செய்ய வேண்டும். இதன் பிறகும் பெரும்பாலான நீதிமன்றங்கள், விளையாடுவது உரிமையல்ல, ஒரு சலுகையே என்ற நிலைப்பாட்டில் இருக்கின்றன. வியாழக்கிழமை இடைக்காலத் தடையுத்தரவு வாங்கி வெள்ளி இரவு பிள்ளையை ஆடவைக்கும் பெற்றோர் உண்டு. மேன்முறையீட்டில் அந்த உத்தரவு நீங்கினால், அவன் ஆடிய போட்டிகளைத் தோல்வியாக்கப் பல சங்கங்களின் விதியில் இடமிருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போன ஒரு குடும்பத்துக்கு முழு அணியும் விலை கொடுக்கும் என்பதால், போகாமல் விடுபவர்களும் உண்டு.

நொந்த அணிக்கு என்ன நடக்கிறது?

பாடசாலை மாற்றத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சேர்கிற அணியைப் பற்றியே இருக்கும். இழக்கும் அணியை யாரும் எண்ணுவதில்லை.

ஒரு சிறு பாடசாலை அணியில் 22 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திறமையான மூவர் பக்கத்து நகரத்துப் பாடசாலைக்குப் போகிறார்கள். மிஞ்சியவர்கள் தாக்கவும் தடுக்கவும் ஓய்வின்றி ஆட வேண்டும். களைப்பில் காயம் வருகிறது. இரண்டு பேர் காயப்பட்டால் இளையவர்களைப் பெரியவர்களுக்கு எதிரே இறக்க வேண்டும். பெற்றோர் மறுக்கிறார்கள். தோல்வி தொடர்கிறது. அடுத்த ஆண்டு இன்னும் நால்வர் போகிறார்கள். பயிற்றுவிப்பாளர் விலகுகிறார். ஓர் அணி பெரும்பாலும் ஒரே நாளில் சாவதில்லை. இப்படி மூன்று, நான்கு ஆண்டுகளில் தேய்ந்து போகும்.

ஆள் குறைந்த பாடசாலைகளுக்காகவே 1934 இல் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஸ்டீபன் எப்லர் என்ற ஆசிரியர் பக்கத்துக்கு ஆறு பேர் ஆடும் முறையை உருவாக்கினார். டெக்சாஸின் வறண்ட கிராமப் புறங்களில் அது இன்றும் ஆடப்படுகிறது. எட்டுப் பேர் ஆடும் முறையும் உண்டு. அணியைக் கலைப்பதை விட ஆட்டத்தைச் சிறிதாக்குவது மேல் என்பது அதன் தத்துவம்.

மாநிலங்கள் இதை இரு எதிர்த் திசைகளில் கையாண்டிருக்கின்றன. புளோரிடா 2016 இல் இயற்றிய சட்டம், இடமிருக்கும் எந்த அரச பாடசாலையிலும் மாணவர் சேரலாம், சேர்ந்ததும் ஆடலாம் என்றது. பிள்ளைக்குச் சுதந்திரம் கிடைத்தது. பலமான அணிகள் இன்னும் பலமாகின்றன என்ற முறைப்பாடும் கூடவே வந்தது. லூசியானா மறுபக்கம் போனது. 2013 இல் அங்குள்ள அதிபர்கள் வாக்களித்து, மாணவரைத் தெரிவுசெய்து சேர்க்கும் பாடசாலைகளுக்கு ஒரு கிண்ணம், தன் பகுதிப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் பாடசாலைகளுக்கு இன்னொரு கிண்ணம் என்று புட்போலின் விலக்கல் சுற்றைப் பிரித்தார்கள்.

சூறாவளி வந்தபோது

இனி பாஸ்ட்ரப்புக்குத் திரும்புவோம். மேலே சொன்ன விதிகள் எல்லாம் ஒரு கற்பனையின் மேல் நிற்கின்றன. குடும்பம் ஒன்று வீட்டில் இருக்கிறது, அது விரும்பியே நகர்கிறது, ஏன் நகர்கிறது என்பதற்கு அதனிடம் காகிதம் இருக்கிறது என்பதே அந்தக் கற்பனை. கட்ரினா இந்த மூன்றையும் உடைத்தது. வீடில்லை, விருப்பமில்லை, காகிதம் தண்ணீரில் போய்விட்டது.

லூசியானாச் சங்கம் அப்போது கதவை மூடவில்லை. இடம்பெயர்ந்த மாணவர் போய்ச் சேர்ந்த பாடசாலையில் உடனே ஆட வழிவிடப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் ஆட்சேர்ப்புத் தடை அப்படியே இருந்தது. நலன்புரி நிலையத்தில் படுத்திருக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை நல்ல வீரன் என்று தெரிந்தால், அவனுக்கு உதவ முன்வருபவர் யார் என்பதும் அங்கேதான் பிரச்சினையானது. பயிற்றுவிப்பாளர் ஒருவர் தன் ஊரில் வீடு பார்த்துத் தருகிறேன் என்றால், விதிப்படி அது குற்றம். அதே நிலையத்தில் விளையாடத் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு அதே உதவியைச் செய்தால் அது தருமம். பாஸ்ட்ரப் விடயத்தில் சங்கம் முதலாவதைக் கண்டது. கிண்ணம் போனது.

சங்கத்தின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அனர்த்தத்தைச் சந்தையாக்க விட்டால், நிலையம் நிலையமாகப் போய் வீரர்களைப் பொறுக்குபவர்கள் வருவார்கள். பலமான உடம்புள்ள பிள்ளைக்கு வீடும், பலமற்ற பிள்ளைக்குக் கூடாரமும் கிடைக்கும். உதவி திறமையைப் பார்த்து வரக்கூடாது என்பது நல்ல கொள்கைதான்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்தப் பருவகாலத்தில் ஆடிய பாஸ்ட்ரப் ஊர்ப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்? இடம்பெயர்ந்த பிள்ளைகள்தான் என்ன செய்தார்கள்? யாரோ கைகொடுத்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். கையைக் கொடுத்தவரின் நோக்கத்தை விசாரிக்கும் வயதோ வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. தண்டனை விழுந்தபோது, ‘உங்களால்தான்’ என்ற சொல்லைச் சுமக்கக்கூடியவர்கள் வந்த பிள்ளைகள்தான். வந்தேறிய ஊரில் அந்தச் சொல்லின் பாரம் என்ன என்பதை வாசகர் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

மூன்று பகைப் பாடசாலைகள் ஒன்றானபோது

அதே பிளாக்மின்ஸில் இன்னொரு வழியும் நடந்தது. போர்ட் சல்பர், பியூராஸ், பூத்வில்–வெனிஸ் ஆகிய மூன்று பாடசாலைகளும் மைதானத்தில் பரம்பரை எதிரிகள். மூன்றையும் தனித்தனியே திரும்பக் கட்டும் அளவுக்கு மக்கள் திரும்பி வரவில்லை. எனவே 2006 இல் மூன்றும் சேர்க்கப்பட்டு ‘சவுத் பிளாக்மின்ஸ்’ உயர்நிலைப் பாடசாலை உருவானது. வகுப்புகள் தற்காலிகத் தகரக் கூடுகளில் நடந்தன. அணிக்குப் பெயர் வைக்கும்போது, தங்களை அழித்ததையே பெயராக எடுத்தார்கள்: ‘சூறாவளிகள்’.

தகுதி விதியின் பார்வையில் இது வித்தியாசமான அணி. எல்லோருமே பாடசாலை மாறியவர்கள். பலருடைய குடும்பங்கள் இழுவை வண்டி வீடுகளில் வாழ்ந்தன. ஆனால் பிள்ளையைத் தேடி அணி போகவில்லை. ஊர் திரும்பிய இடத்துக்கு அணி வந்தது. சிரில் குரச்பீல்ட் பயிற்றுவித்த அந்த அணி 2007 இலும் 2008 இலும் 1ஏ பிரிவின் மாநிலக் கிண்ணத்தை வென்றது. அந்தக் கிண்ணங்களை யாரும் பறிக்கவில்லை.

2018 நவம்பர் 8 ஆம் திகதி கலிபோர்னியாவின் பரடைஸ் நகரம் காட்டுத்தீயில் எரிந்து 85 பேர் இறந்தபோதும் இதுபோல ஒன்று நடந்தது. மறுநாள் ஆடவிருந்த விலக்கல் சுற்றுப் போட்டியைப் பரடைஸ் உயர்நிலைப் பாடசாலை கைவிட்டது. வீரர்களில் பெரும்பாலானோருக்கு வீடில்லை. பலர் வேறு ஊர்களிலிருந்து வந்துபோனார்கள். ஆனாலும் பாடசாலையின் பெயரை விடவில்லை. 2019 இல் எஞ்சியவர்களைக் கொண்டு ஆடி, வழமையான பருவகாலத்தில் ஒரு போட்டியும் தோற்காமல் பிராந்திய இறுதிப் போட்டி வரை வந்தார்கள்.

இரண்டு ஊர்களும் காட்டுவது ஒன்றுதான். பிள்ளை போகும் இடமெல்லாம் விதியைக் கொண்டு துரத்துவதை விட, பாடசாலையின் பெயரை உயிரோடு வைத்திருந்து பிள்ளைக்கு அங்கு வர வழிசெய்வது நல்லது. உயர் பாதுகாப்பு வலயங்களால் மண் இழந்த நமது பாடசாலைகள் பல, பெயரை விடாமல் இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில் பின்னேர வகுப்பாக ஆண்டுக்கணக்கில் நடந்தன. அந்தப் பெயரில் பதிவு இருந்ததால்தான் பிள்ளைகள் பரீட்சைக்கும் போட்டிக்கும் பாடசாலை விண்ணப்பதாரிகளாகப் போக முடிந்தது.

சட்டம் தருவது என்ன?

வீடற்ற பிள்ளைகளின் கல்விக்காக அமெரிக்காவில் 1987 முதல் மெக்கினி–வென்டோ சட்டம் என்ற மத்திய சட்டம் உள்ளது. அனர்த்தத்தால் வீடிழந்து, நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ ஒண்டியிருக்கும் பிள்ளையும் இதில் அடங்குவார். அது இரண்டு உரிமைகளைத் தருகிறது. ஒன்று, பழைய பாடசாலையிலேயே தொடர்ந்து படிக்கலாம், போக்குவரத்து ஏற்பாடு செய்யப்பட வேண்டும். இரண்டு, தற்போது இருக்கும் பகுதிப் பாடசாலையில் உடனே சேரலாம். விடுகைப் பத்திரம், தடுப்பூசி அட்டை, வதிவிடச் சான்று எதுவும் கையில் இல்லை என்பதற்காகப் பாடசாலை மறுக்க முடியாது.

2015 இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது விளையாட்டும் உள்ளே வந்தது. புறக்கிருத்தியங்களில் பங்குபற்ற வீடற்ற பிள்ளைகளுக்குத் தடை இல்லாமல் மாநிலங்கள் நடைமுறை வகுக்க வேண்டும் என்றாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனையும் அதே வசனத்தில் இருக்கிறது: உரிய தகுதி நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் பிள்ளைகளுக்கே இது பொருந்தும். வகுப்பறைக் கதவைச் சட்டம் திறந்துவிட்டது. மைதானத்தின் கதவில் சங்கத்தின் பூட்டு இன்னும் தொங்குகிறது.

வயதுச் சான்றும் இப்படியான ஒரு பூட்டுத்தான். பிறந்த திகதிக்கு ஆவணமில்லாத அகதிப் பிள்ளைகளுக்கு ஜனவரி 1 என்று பதிந்துவிடும் வழக்கம் உண்டு. உண்மையில் ஒக்டோபரில் பிறந்தவன் தாளில் ஒன்பது மாதம் மூத்தவனாகிவிடுவான். 19 வயது எல்லை உள்ள விளையாட்டில் ஒன்பது மாதம் என்பது ஒரு முழுப் பருவகாலம். பிறப்புச் சான்றிதழ் தொலைந்து, பதிவாளர் உத்தேசமாகக் கணித்த வயதோடு வாழ்பவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். தாளில் பிழையான திகதி ஒருமுறை ஏறினால், இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும், அல்லது பிள்ளையை அங்குள்ள மாமா, சித்தி வீட்டுக்கு அனுப்பும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில விடயங்கள் பயன்படும்.

பாடசாலை மாறுவதற்கு முன்பே, சேரவிருக்கும் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம் தகுதி பற்றி எழுத்தில் கேட்க வேண்டும். சேர்ந்து ஆடிய பிறகு கேட்பதில் பயனில்லை.

பிள்ளை பெற்றோரோடு வாழாமல் உறவினரோடு வாழ்வதே பல மாநிலங்களில் தகுதியைப் பாதிக்கும். நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் என்ற ஆவணம் கேட்கப்படலாம்.

வீடு, வேலை, போக்குவரத்து என்று எந்த உதவியையும் பயிற்றுவிப்பாளர் மூலமோ அணியின் ஆதரவாளர் மூலமோ ஏற்கக்கூடாது. நல்ல மனதோடு வந்தாலும் அது ஆட்சேர்ப்பாகப் பதியப்படலாம். உதவி பாடசாலை மாவட்டத்தின் வீடற்றோர் தொடர்பு அலுவலர் வழியாக வரட்டும். ஒவ்வொரு பாடசாலை மாவட்டமும் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது மேலே சொன்ன மத்திய சட்டத்தின் கட்டளை.

கஷ்ட விலக்குக்கு விண்ணப்பிக்கும்போது, என்ன நடந்தது என்பதைத் திகதி வாரியாக எழுதி, கையில் உள்ள எந்தக் காகிதத்தையும் இணைக்க வேண்டும். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. அதற்குரிய நாட்கள் மிகக் குறைவு.

ஒரு தாளிலும் பொய் முகவரி எழுதக்கூடாது. பிடிபட்டால் இழப்பது உங்கள் பிள்ளையின் பருவகாலம் மட்டுமல்ல, அவனோடு ஆடிய நாற்பது பிள்ளைகளின் பருவகாலமும்தான்.

எஞ்சியிருக்கும் கேள்வி

இடமாற்ற விதிகளை முற்றாக நீக்கினால் சிறிய பாடசாலைகள் அழியும். அப்படியே விட்டால் வீடிழந்த பிள்ளை சந்தேகநபராகவே மைதானத்துக்கு வர வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரும்பி மாறியவரையும் துரத்தப்பட்டு மாறியவரையும் விதிப் புத்தகத்திலேயே பிரிக்கலாம். இரண்டாமவரின் விடயத்தில் நிரூபிக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தோளிலிருந்து எடுத்து, குற்றம் சாட்டுபவரிடம் கொடுக்கலாம். ஆள் பிடித்த பெரியவரைப் பதவி நீக்கலாம், பாடசாலைக்கு அபராதம் விதிக்கலாம். பிள்ளைகள் மைதானத்தில் வென்றதை மைதானத்திலேயே விட்டுவிடலாம்.

இன்றைய நிலையில் அது 50 மாநிலங்களில் 50 சங்கங்களின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது. அடுத்த சூறாவளியோ தீயோ எந்த மாநிலத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே, அங்கு வீடிழக்கும் பிள்ளை வெள்ளி இரவு ஆடுவானா, வேலிக்கு வெளியே நின்று பார்ப்பானா என்பது தீர்மானமாகும்.